சோலர் பம்ப் போட்டாப் பிறகு தண்ணி சும்மாவா? கும்புறுப்பிட்டிக் கிணத்துக் கதை

2024 மே 19, மூதூரில இருந்து ஒரு வாசகர் கேட்டது
எங்கட காணிக்குள்ள கரன்ட் லைன் இல்ல. மண்ணெண்ணெய் பம்ப் வச்சு இறைச்சு கட்டுப்படியாகேல்ல. சோலர் பம்ப் போட்டா ஒரு தரம் செலவழிச்சா சரி, அதுக்குப் பிறகு தண்ணி சும்மா தானே? போனில இருந்தே ஓன் ஓஃப் பண்ற மாதிரி எல்லாம் இப்ப வருதாம். போட்ட ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.

2024 மே 19, இரவு
போடு தம்பி, யோசிக்கவே வேணாம். நான் திருகோணமலைக் கரையோரம் கும்புறுப்பிட்டி. ஒரு ஏக்கர் வெங்காயம், கரையால கொஞ்சம் கச்சான் (நிலக்கடலை), வீட்டுத் தேவைக்கு மிளகாய். 2022 ஆகஸ்ட்டில மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340க்கு ஏறிச்சே, அண்டைக்கு எடுத்த முடிவு இது. அதுக்கு முதலே ரெண்டு கானைத் தூக்கிக்கொண்டு போய் இரவிரவா வரிசையில நிண்டு விடியக்காத்தால வெறுங்கானோட வந்த ஆள் நான், அந்தக் கோபமும் சேந்துதான்.

மொத்தம் 3 கிலோவாட் பனல், 2 எச்.பி பம்ப், ஒரு கொன்ட்ரோலர். கணக்கு வேணுமெண்டா: ஒரு ஏக்கர் 4047 சதுர மீற்றர், வெயில் காலத்தில நாளுக்கு 6 மில்லிமீற்றர் தண்ணி வேணும், அப்ப 24,000 லீற்றர் சொச்சம். கிணத்து ஆழம், குழாய்க்குள்ள உராய்வு, ஹோஸில வாற வேகம் எல்லாம் சேத்து 10 மீற்றர் தூக்கிறம் எண்டு வச்சா 6.5 யூனிட். பம்ப்பும் மோட்டரும் விழுங்கிறது போக நூத்துக்கு 40 தான் தண்ணியாகும், அப்ப 16 யூனிட். 1 கிலோவாட் பனல் எங்கட பக்கம் நாளுக்கு 4 யூனிட் அளவில தரும், 3 கிலோவாட் 12. எனக்கே காணாது எண்டுதான் சொல்லவேணும், இன்னும் ரெண்டு பனல் வாங்க யோசனை.

2024 மே 21
போன் விசயம் விட்டிட்டன். சிம் போடுற ஸ்டார்ட்டர் ஒண்டு இருக்கு, மிஸ்ட் கோல் குடுத்தா பம்ப் ஓடும். நல்ல சாமான். ஒரே பிரச்சினை, அந்த சிம் நம்பருக்கு விளம்பரக் கோல் வந்தாலும் பம்ப் ஓடும். ஒருக்கா கோயிலில நிக்கேக்க பொடியன் ஓடிவந்து சொல்றான், அப்பா தோட்டம் முழுக்க வெள்ளம் எண்டு. இப்ப ரெண்டு நம்பரை மட்டும் ஏற்கிற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கு.

2024 மே 24
மானம் போச்சு. இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளை ஒண்டு தனியா எழுதிச்சு, "அண்ணை, உங்கட கணக்கில புள்ளி ஒரு இடம் தள்ளி நிக்குது" எண்டு. திரும்பப் போட்டுப் பாத்தன். 24,000 கிலோ தண்ணி, 10 மீற்றர், 9.81ஆல பெருக்கினா 2354 கிலோஜூல். ஒரு யூனிட் எண்டா 3600 கிலோஜூல். அப்ப வாறது 0.65 யூனிட், 6.5 இல்ல. நூத்துக்கு 40 எண்டு பாத்தாலும் 1.6 யூனிட் தான். எனக்கு 600 வாட் பனலே தாராளம், நான் 3000 போட்டு வச்சிருக்கிறன். வித்தவரைப் பிழை சொல்லேலாது, நான்தான் கணக்குப் போட்டுக் கொண்டுபோய் நீட்டினது, அந்த மனுசன் ஒரு கிலோவாட் போதுமே எண்டு சொன்ன ஞாபகமும் இருக்கு.

மேல எழுதினதை அழிக்கேல்ல. மூதூர்த் தம்பி, அதைப் பாத்து வாங்கிப் போடாதேங்கோ.

2024 மே 25
பனல் கூடினா நட்டமா எண்டு கேட்டிருக்கு. முகில் நாளிலயும் ஓடும், நல்லது தானே எண்டுதான் நானும் நினைச்சன். பனல் சூடேற ஏற கரன்ட் குறையும், 25 பாகைக்கு மேல ஒவ்வொரு பாகைக்கும் நூத்துக்கு 0.4 அளவில போகும். கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, அடிக்கிற மதியம் பனல் 60 பாகைக்கு நிக்கும், அதில ஒரு 14 வீதம் போயிரும். மேல புழுதியும் உப்புப் படையும். கிழமைக்கொருக்கா விடிய வெள்ளனக் கழுவோணும், வெயில் ஏறினாப் பிறகு பச்சைத்தண்ணி ஊத்தாதேங்கோ.

2024 ஜூலை 14
வேற பிரச்சினை. வீட்டுக்காரி மூண்டு நாளாச் சொல்றா, தேத்தண்ணி ஒரு மாதிரிக் கரிக்குது எண்டு. நான் சீனி காணாது எண்டன். நேத்து வெங்காயத் தாளைப் பாத்தா நுனி வெள்ளையாக் கருகிக் கிடக்கு. கிணறு உவர்க்குது.

இஞ்ச உப்பளம் பக்கத்தில, கடல் அங்கால, களப்பு இஞ்சால. உப்பு வராட்டித்தான் புதினம். ஆனா அப்பா காலத்தில இந்தக் கிணறு சித்திரை வைகாசியிலயும் உவர்க்கேல்ல. என்ட சந்தேகம் மேற்குப் பக்கத்துத் தோட்டம். முறைக்கு எனக்கு அம்மான். அவரும் போன வருசம் பெரிய சோலர் பம்ப் போட்டவர், விடிஞ்சதில இருந்து பொழுதுபடுமட்டும் இறைக்கிறார். வாயைத் திறந்து கேக்கவும் ஏலாது, மகளுக்குக் கலியாணம் பேசுற நேரம்.

2024 ஜூலை 15
கனபேர் கேட்டதால: இல்லை, கலியாணம் எங்கட வீட்டோட இல்லை.

2024 ஆகஸ்ட் 4
பேனா மாதிரி ஒரு மீற்றர் வாங்கினன், தண்ணியில முக்கினா உப்பு எவ்வளவெண்டு காட்டும். இந்த இழையில நான் சொன்ன சாமான் எல்லாத்திலயும் மலிவு இதுதான், ஆனா முதல் வாங்கியிருக்க வேண்டியதும் இதுதான். அது மைக்ரோசீமன்ஸ் எண்ட அளவில காட்டும், எண் கூடினா உப்புக் கூட. பாய்ச்சிற தண்ணி 800க்கு மேல போகப் போக வெங்காயம் விளைச்சலில அடிவாங்கும். மிளகாய் 1000 வரைக்கும் தாங்கும். கச்சான் 2100 வரைக்கும் பேசாம நிக்கும். என்ட கிணறு விடிய 760, பின்னேரம் 1340. ஒரே கிணறு, ஒரே நாள்!

இந்த விடிய, பின்னேரம் விசயம்தான் முக்கியம். நான் காலமை போய் ஓன் பண்ணிட்டு பின்னேரம்தான் ஓஃப் பண்ணுறது. 2 எச்.பி பம்ப் மணித்தியாலத்துக்கு 20,000 லீற்றருக்குக் கிட்ட இழுக்குது, ஏக்கருக்கு வேண்டினது ஒரு மணித்தியாலம் சொச்சத்தில முடிஞ்சிடும். மிச்ச நேரம் ஏன் ஓடுது? ஓடினா என்ன, சும்மா தானே எண்டுதான்.

மண்ணெண்ணெய்க் காலத்தில ஒரு லீற்றர் முடியுமுன்ன ஓடிப்போய் நிப்பாட்டுவம். அந்தக் கான்தான் எங்களுக்கு மீற்றரா இருந்திருக்கு. சோலர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போயிட்டுது, அந்த இடத்தில நான் ஒண்டையும் வைக்கேல்ல.

2024 ஆகஸ்ட் 6
உப்பு ஏன் கீழ இருந்து ஏறுது எண்டு கேட்டவருக்கு. கரையோர மணலுக்குள்ள நல்ல தண்ணி உவர்த்தண்ணிக்கு மேல மிதக்குது, தேங்காய் எண்ணெய் தண்ணியில மிதக்கிற மாதிரி. கடல்தண்ணி ஒரு லீற்றர் 1025 கிராம், நல்ல தண்ணி 1000. அந்த 25 கிராம் வித்தியாசத்தில வாற கணக்கு என்னெண்டா, கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா கீழ 40 அடி நல்ல தண்ணி இருக்கும். அதையே திருப்பிப் பாருங்கோ: மேல ஒரு அடி இறங்கினா கீழ உப்பு 40 அடி ஏறப் பாக்கும். உடன ஏறாது, மணல் பிடிச்சு வைக்கும், ஆனா ஒரு இடத்தில வேகமா உறிஞ்சினா அந்தக் கிணத்துக்கு நேர கீழ கூம்பு மாதிரி எழும்பி வரும். நிப்பாட்டினா மெல்ல இறங்கும். என்ட 760, 1340 கதை இதுதான்.

அப்ப அம்மானில பிழை இல்லையா? அவரும் இழுக்கிறார் தானே. பாதிப் பிழை எண்டு வைப்பம்.

2024 செப்டெம்பர் 8
மருமகன் ஈஎஸ்பி32 எண்ட சின்னப் போர்ட் ஒண்டில எழுதித் தந்தான், கிணத்து மட்டம் பாத்து பம்ப்பை நிப்பாட்டுற மாதிரி. மட்டம் பாக்க அல்ட்ராசொனிக் சென்சர், மேல இருந்து சத்தம் விட்டுத் திரும்பி வாற நேரத்தைக் கணக்குப் பண்ணும். ரெண்டு நாள் அருமையா ஓடிச்சு. மூண்டாம் நாள் கிணத்தில தண்ணி ஒன்றரை அடியில நிக்குது எண்டுது. பாத்தா சென்சருக்குக் கீழ குளவி கூடு கட்டியிருக்கு. அதைத் தட்டிவிட்டா பிறகு விடியக்காலப் பனி சென்சர் முகத்தில படிஞ்சு வேற பொய். கடைசியில அதைக் கழட்டி எறிஞ்சிட்டு தண்ணிக்கு அடியில விடுற அழுத்த சென்சர் போட்டாச்சு. அது பொய் சொல்லாது, ஆனா விலை.

மண் ஈரம் பாக்கிற சென்சரும் வாங்கினது, ரெண்டு காலும் வெளியில தெரியிற மலிவுச் சாமான், எங்கட உவர் மண்ணில ஒரு மாசத்தில கால் கரைஞ்சு போச்சு. வாங்கிறதெண்டா உலோகம் வெளியில தெரியாத கப்பாசிட்டிவ் வகை வாங்குங்கோ, அதிலயும் மேல் ஓரத்துக்கு நெயில் பொலிஷ் பூசவேணும். வீட்டுக்காரியின்ர போத்தல் முடிஞ்சுது, அந்தக் கணக்கு இன்னும் தீரேல்ல.

உப்பு சென்சரைக் கிணத்துக்குள்ளயே நிரந்தரமா விட்டு வைக்கப் பாத்தம், பாசி பிடிச்சு ரெண்டு கிழமையில மொக்காப் போச்சு. பேனா மீற்றர்தான் திறம். விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, கொப்பியில எழுதுறன்.

2024 செப்டெம்பர் 29
வேகத்தைக் குறைச்சு ஓட்டுறது பற்றி. கொன்ட்ரோலரில வேகத்தை 70 வீதத்துக்கு இறக்கினா தண்ணி 70 வீதம் வரும், கரன்ட் மூண்டில ஒண்டுதான் போகும். ஆனா தூக்கிற உயரமும் அரைவாசியாப் போகும், அதால கனக்க இறக்கினா பம்ப் சுத்தும், தண்ணி வராது. நான் பழைய ஒடுங்கின பைப்பை மாத்தி அகலமானது போட்ட பிறகுதான் இது சரிவந்தது. சோலரில கரன்ட் மிச்சம் பிடிச்சு என்ன செய்யிறது எண்டு கேப்பியள். கரன்டுக்கு இல்ல, உப்புக்கு. மெல்ல இழுத்தா கூம்பு எழும்பாது. போன கிழமை முழுக்க மெல்ல, ரெண்டு மணித்தியாலம், பின்னேர மீற்றர் 910. இன்னும் 800க்கு மேலதான், ஆனா 1340 இல்ல.

2024 நவம்பர் 17
மழை தொடங்கிட்டுது, கிணறு தானா நிரம்புது, எனக்கும் எழுத ஒண்டும் இல்ல. அதால வேற கதை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு வாற கலப்பு மின் திட்டம் பற்றி ஒரு தம்பி கேட்டிருந்தார். இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடை, 2024 மார்ச்சில ஒப்பந்தம் போட்டது. மூண்டு தீவுக்கும் சேத்து காத்தாலை 530 கிலோவாட், சோலர் 1700, பற்றரி 2400 கிலோவாட் அவர், அதுக்கு மேல டீசல் ஜெனரேட்டர் 2500 கிலோவாட் காவலுக்கு. ஜெனரேட்டர்தான் எல்லாத்திலயும் பெரிசு எண்டதைக் கவனியுங்கோ. பற்றரி 2400 எண்டா பெரிய தொகை மாதிரி, ஆனா சோலர் முழு வேகத்தில ஓடினா ஒன்றரை மணித்தியாலத்தில நிரம்பிடும். தனிச்சு நிக்கிற மின்வலை எல்லாத்துக்கும் இதுதான் தலையிடி, மதியம் மிஞ்சும், இரவு காணாது.

இன்னொண்டு, இதை எல்லாரும் மறந்து போச்சினம். கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் மலைக் கிராமங்களில சின்ன நீர்மின் இயந்திரம் வச்சு ஊர்ச் சங்கம் நடத்தின ஆக்கள் கனபேர். ஒரு வீட்டுக்கு 100, 200 வாட்டுக்குள்ள. மிஞ்சிற கரன்டைத் தண்ணிக்குள்ள கிடக்கிற ஹீட்டருக்கு அனுப்பிற கொன்ட்ரோலர் ஒண்டு இருக்கும், இல்லாட்டி இயந்திரம் பிச்சுக்கொண்டு சுத்தும். பிறகு மின்சார சபை லைன் வர, கன கிராமத்தில இயந்திரம் துருப்பிடிச்சுது. ஆனா சங்கம் இருந்த காலத்தில இஸ்திரிப்பெட்டி எந்த வீட்டில எப்ப போடுறது எண்டு ஊர் கூடிக் கதைச்சிருக்கு. அந்தக் கதைதான் எனக்கு இப்ப தலைக்குள்ள ஓடுது.

2025 பெப்ரவரி 9, இரவு
இண்டைக்கு 11 மணி சொச்சத்துக்கு நாடு முழுக்க கரன்ட் போச்சு, பாணந்துறை உபநிலையத்தில குரங்காம். நிலாவெளியில கூரைச் சோலர் போட்ட சொந்தக்காரர் கோல் எடுக்கிறார், நல்ல வெயில், பனல் முழுக்க மினுங்குது, வீட்டில ஃபேன் ஓடேல்ல, என்னடா இது எண்டு. லைனோட கட்டின சோலர், லைன் போனா தானும் நிக்கும். லைன்மன் கையில கரன்ட் ஏறாம இருக்கத்தான் அப்படி. பற்றரியும் பிரிச்சுவிடுற சுவிச்சும் இருந்தாத்தான் தனிச்சு ஓடும்.

என்ட பம்ப் ஓடிச்சு. அது லைனைக் காணாத பிறவி.

2025 ஏப்ரல் 20
சித்திரை வருசத்துக்குக் கூரைச் சோலர் காரரைப் பகல் 3 மணி வரை நிப்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டிருக்கு. 2022இல யூனிட்டுக்கு 37 ரூபா தாறம் போடுங்கோ எண்டு சொன்ன கரன்டு. தொழிற்சாலை எல்லாம் பூட்டு, ஆக்கள் ஊருக்குப் போயிட்டினம், வெயில் மட்டும் லீவில்லாம எறிக்குது. பாரமான சில்லு சுத்திற மின்நிலையம் குறைஞ்சா வலை ஒரு சின்னத் தட்டலுக்கும் ஆடும், பெப்ரவரியில நடந்ததும் அதோட சேந்த கதைதான். ரெண்டு கிழமைக்கு முதல்தான் சம்பூரில 120 மெகாவாட் சோலருக்கு அடிக்கல், மோடி வந்து கொழும்பில இருந்தே தொடங்கி வச்சது. போரில சனம் இடம்பெயந்த பிறகு 500 மெகாவாட் நிலக்கரிக்கெண்டு ஒதுக்கின இடம், இப்ப சோலர். அதைப்பற்றி எழுதினா இந்த இழை முடியாது.

நான் சொல்ல வந்தது: பகலில மிஞ்சிற கரன்ட் கொழும்பில மட்டும் இல்ல, என்ட தோட்டத்திலயும்தான். நாளுக்கு 12 யூனிட் தரக்கூடிய பனல், ரெண்டு யூனிட் எடுக்கிறன். மிச்சம் வெயிலோட போகுது.

2025 மே 11
நாலு தோட்டக்காரர் கதைச்சம். நான், அம்மான், வடக்கால ரெண்டு பேர். அந்த ரெண்டு பேரும் இன்னும் எண்ணெய் பம்ப். முடிவு: என்ட பனலோட அம்மான்ட பனலையும் சேத்து ஒரு இன்வேர்ட்டர், நாலு கிணத்துக்கும் வயர், ஒரு நேரத்தில ஒரு பம்ப்தான் ஓடும், முறை வச்சு. காசு நாலு பேரும் சரிசமம்.

முதல் நாளே படுத்திட்டுது. கடைசிக் கிணறு 200 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தம், 1 எச்.பி மோட்டருக்கு 4 அம்பியர் தானே, 12 வோல்ட் குறையும், பரவாயில்ல எண்டு. ஓடுற நேரத்துக்கு அது சரி. தொடங்கிற நேரம் அஞ்சு மடங்கு இழுக்கும் எண்டதை மறந்து போனன். 20 அம்பியருக்கு 59 வோல்ட் விழுந்திடும். மோட்டர் "ம்ம்ம்" எண்டு முனகுது, சுத்தேல்ல, சுருள் மணக்கத் தொடங்கிட்டுது. ஓடிப்போய் இழுத்து விட்டன். 6 சதுர மில்லிமீற்றர் வயர் மாத்தி, மெல்லத் தொடக்கிற ஸ்டார்ட்டரும் போட்ட பிறகு சரி. கணக்கில இந்த ஆளுக்கு என்ன ராசியோ எண்டு ஆரும் எழுதமுதல் நானே எழுதிட்டன்.

2025 மே 18
முறை பாக்கிற பெட்டிக்கு பேர் வச்சாச்சு: வட்டவிதானை. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் வயல் செய்யிற ஆக்களுக்கு விளக்கம் தேவையில்ல. தெரியாத பிள்ளையளுக்கு: குளத்துத் தண்ணி ஆருக்கு எப்ப, எவ்வளவு நேரம் எண்டு வாய்க்காலில நிண்டு பாக்கிறவர் வட்டவிதானையார். எங்கட பெட்டியும் அதேதான், ஒரே வித்தியாசம் இவருக்கு நெல்லுக் குடுக்கத் தேவையில்ல, சாராயமும் கேக்கமாட்டார்.

பெட்டி செய்யிறது இவ்வளவுதான். ஒவ்வொரு கிணத்திலயும் மட்டம் பாக்கிற சென்சர், லோரா ரேடியோ வழியா செய்தி வரும், சிம் தேவையில்ல, மாசாமாசம் ரீலோட் இல்ல. எந்தக் கிணத்தில மட்டம் நல்லா நிக்குதோ அதுக்கு முதல் முறை. இறங்கிட்டுதெண்டா நிப்பாட்டி அடுத்ததுக்குப் போகும். மதியம் எல்லாரும் முடிச்சாப் பிறகு மிஞ்சிறது வடக்கால தோட்டக்காரற்ற மச்சான்ட ஃப்ரீசருக்கு, மீனுக்கு ஐஸ். மலைக் கிராமத்து ஹீட்டர் மாதிரி எண்டு வையுங்கோ, ஆனா எங்கடது குளிரும்.

2025 ஜூன் 2
கரன்டை வித்தா சட்டப் பிரச்சினை வராதோ எண்டு கேட்டது நல்ல கேள்வி. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தில இருந்தே லைசன்ஸ், விதிவிலக்கு ஒண்டும் இல்லாம கரன்ட் உற்பத்தி பண்ணி விநியோகம் செய்யேலாது. 2024இல 36ஆம் இலக்கமா புதுச்சட்டம் வந்தது. நாங்க விக்கேல்ல, நாலு பேரின்ர கூட்டுச் சாமான், நாலு பேரின்ர காணி, காசு கை மாறேல்ல. அது காணுமோ எண்டு ஒரு கந்தோரில கேட்டன், வேற கந்தோரைக் காட்டினாங்கள். பக்கத்து வீட்டுக்கு யூனிட் கணக்கில வித்து உழைக்க நினைக்கிற ஆக்கள் முதல் கேட்டிட்டு வயரை இழுங்கோ.

2025 ஜூன் 4
பயந்து ஒரு யோசனை வந்தது: கரன்டை விட்டிட்டு தண்ணியக் குடுப்பம், என்ட கிணத்தில இருந்து 10,000 லீற்றர் டாங்கிக்கு ஏத்தி நாலு பேருக்கும் குழாய். தண்ணிக்கு லைசன்ஸ் கேக்கமாட்டினம். டாங்கியை பற்றரி எண்டு பாத்தா பகிடி, 10,000 லீற்றரை 5 மீற்றர் ஏத்தினா 0.14 யூனிட் கூட இல்ல, ஒரு பல்ப் எரியும். ஆனா தண்ணியாப் பாத்தா அரை நாள் இறைப்பு. வெங்காயத்துக்கு கரன்ட் வேணாம், தண்ணிதானே வேணும். அருமையான யோசனை எண்டு எனக்கு நானே தட்டிக்குடுத்தன்.

2025 ஜூன் 22
அருமையான யோசனை ரெண்டு கிழமையில முடிஞ்சுது. நாலு தோட்டத்துத் தண்ணியும் ஒரே கிணத்தில இருந்து. பின்னேர மீற்றர் 1620. கூம்பு கதையை ஆகஸ்ட்டில நானே எழுதிட்டு நானே மறந்திருக்கிறன். நாலு கிணத்தில கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா மேல மிதக்கிறதை வழிச்செடுக்கிற மாதிரி, ஒரு கிணத்தில எடுத்தா தோண்டிற மாதிரி.

அப்ப வயர்தான் சரி. எனக்கு இப்பதான் முழுசா விளங்குது, இந்த நாலு தோட்ட மின்வலை கரன்ட் மிச்சம் பிடிக்க எண்டுதான் தொடங்கினம், ஆனா அதின்ர உண்மையான பிரயோசனம் இறைப்பை நாலா விரிக்கிறது. டாங்கியை கச்சான் பக்கம் தள்ளி வச்சிட்டன்.

2025 ஆகஸ்ட் 17
எழுத வெக்கமா இருக்கு, ஆனா எழுதத்தான் வேணும். வட்டவிதானை மே மாசத்தில இருந்து ஒவ்வொரு கிணத்திலயும் எத்தனை நிமிசம் ஓடினது எண்டு பதிவு வச்சிருக்கு. மருமகன் அதைக் கோடு கோடா வரைஞ்சு வொட்ஸ்அப் குறூப்பில போட்டிட்டான், எனக்கு முதல் காட்டவும் இல்ல. டாங்கி ஓடின நாளை விட்டிட்டுப் பாத்தாலும் கூட இழுத்தது நான். அம்மானைப் போல ரெண்டரை மடங்கு. அவருக்கு என்னிலும் கால் ஏக்கர் கூட.

எப்படி எண்டு பாத்தா, பெட்டியில "கையால ஓட்டு" எண்டு ஒரு சுவிச் வச்சது நான், அதை அமத்தினதும் நான்தான். மண்ணின்ர மேல்பக்கம் காய்ஞ்சு வெளிறிப் போனாலே எனக்கு மனம் கேக்காது. கீழ ஈரம் இருக்கு எண்டு சென்சர் சொல்லும், கண் நம்பாது. அப்பா துலாவில இறைச்ச காலத்தில இருந்து காய்ஞ்ச பாத்தியைப் பாத்துக்கொண்டு இருந்து பழக்கமில்ல.

அம்மான் குறூப்பில ஒண்டும் எழுதேல்ல. பின்னேரம் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, "உப்புக் குறைஞ்சிருக்கு பிள்ளை" எண்டு வீட்டுக்காரியிட்டச் சொல்லிட்டுப் போனார். 2024 ஜூலையில நான் எழுதினது அவர் வாசிச்சிருக்கிறார் எண்டு இப்பதான் தெரியும்.

2025 ஆகஸ்ட் 18
அந்த சுவிச்சைக் கழட்டேல்ல. ஆனா அமத்தினா குறூப்புக்கு மெசேஜ் போகும்.

2025 செப்டெம்பர் 14
குஜராத் துண்டி பற்றி ஒருவர் கேட்டிருந்தார், எங்களுக்குப் பொருந்துமோ எண்டு. கேடா மாவட்டத்துக் கிராமம், 6 விவசாயி சேந்து தொடங்கின சோலர் பம்ப் கூட்டுறவு, 2016இல மின்வலையோட இணைச்சது. பின்னால நிண்டது சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம், அதின்ர தலைமையகம் எங்கட பத்தரமுல்லைப் பக்கம்தான். இறைக்காம விட்ட கரன்டை லைனுக்கு வித்தா யூனிட்டுக்கு 4.63 இந்திய ரூபா, தண்ணி மிச்சம் பிடிச்சதுக்கு மேலதிகமாவும் குடுத்தது. அதாவது சும்மா கிடைக்கிற கரன்டுக்கு ஒரு விலையை வச்சாத்தான் பம்ப்பை நிப்பாட்ட மனம் வரும் எண்ட கணக்கு. எங்கட தோட்டத்தில லைன் இல்ல, விக்க வழியில்ல. அந்த இடத்தில எங்களுக்கு ஐஸ் ஃப்ரீசர் இருக்கு. மச்சான் கிழமைக்கொருக்கா மீன் தாறான், போன கிழமை பாரை. பம்ப் ஓடாட்டி ஃப்ரீசர் ஓடும், ஃப்ரீசர் ஓடினா மீன். வீட்டுக்காரி இப்ப என்னைப் பம்ப் பக்கம் விடுறதில்ல.

2025 டிசம்பர் 13
நவம்பர் 28 டித்வா புயலுக்குப் பிறகு இண்டைக்குத்தான் எழுதக் கிடைச்சது. மூதூர், வெருகல் பக்கம் மகாவலி உடைச்சு வந்த வெள்ளத்தோட பாக்க எங்கட சேதம் ஒண்டுமே இல்ல. பனல் ரெண்டு காத்தில கழண்டு வாழைக்குள்ள கிடந்தது, ஒண்டு வெடிச்சிட்டுது. நாலு நாள் லைன் கரன்ட் இல்லாம ஊரில போன் எல்லாம் செத்துப் போக, மிஞ்சின பனலில இன்வேர்ட்டரைக் கட்டி வளவில மேசை போட்டு வச்சம், ஒரு நாளைக்கு அறுபது எழுபது போன் வந்திருக்கும். ஒரு வயசான அம்மா போன் கொண்டு வரேல்ல, சளிக்கு ஆவி பிடிக்கிற மெசின் கொண்டு வந்தா.

முதல்ல கேட்ட மூதூர்த் தம்பி சுகமாம், செய்தி வந்தது. பம்ப் வெள்ளத்துக்குள்ள நாலு நாள் கிடந்ததாம். தம்பி, மோட்டரைக் கழட்டி நல்ல தண்ணியில கழுவி, ஒரு கிழமை வெயிலில வையுங்கோ, சுருளில கரன்ட் கசியுதோ எண்டு பாக்கிற மெகர் மீற்றரால அளந்து பாக்காம கரன்ட் குடுத்திடாதேங்கோ. கொன்ட்ரோலர் போர்ட்டைக் கழுவ ஐசோபுரொப்பைல் அற்ககோல் போதும்.

2026 ஜனவரி 11
வெங்காயம் நட இன்னும் நாள் கிடக்கு, ஈரம் வடியவேணும். கிணறு முட்டி நிக்குது. பேனா மீற்றர் 380 காட்டுது, நான் கண்ட மிகக் குறைஞ்ச எண். ஆனா வீட்டுக்காரி குடிச்சுப் பாத்திட்டு, இல்ல, இன்னும் ஒரு பொட்டு இருக்கு எண்டுறா. அவவின்ர நாக்கு இதுவரைக்கும் பிழைச்சதில்ல, அதால மீற்றரைத்தான் சந்தேகப்படுறன். மீற்றரைச் சரிபாக்கிற 1413 மைக்ரோசீமன்ஸ் கரைசல் போத்தல் வெள்ளத்தில போயிட்டுது. திருகோணமலை டவுனுக்குள்ள அது எங்க கிடைக்கும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, கொழும்பில இருந்து எடுப்பிச்சா அனுப்புற செலவு போத்தலிலும் கூட வருது.